வரிச்சட்டம் கற்பிக்கப் போகலாமா? (அமெரிக்கச் சட்டக் கல்லூரிப் பணி குறித்து)

கணக்கும்சட்டமும் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணக்கியல் படித்து, பிறகு சட்டத்துக்கு வந்து, வரிச்சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் முடித்து, கடந்த ஆறு ஆண்டுகளாக அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் வரிப் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். கூட்டாண்மை ஒப்பந்தங்களில் லாபநட்டப் பங்கீட்டு விதிகளை எழுதுவதுதான் அன்றாட வேலை. இப்போது ஒரு சட்டக் கல்லூரி, இரண்டு ஆண்டுகளுக்கு வருகைதரு உதவிப் பேராசிரியராக வருமாறு அழைத்திருக்கிறது. ஊதியம் இன்று வாங்குவதில் பாதிக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணி கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்குள் சொல்லிக்கொள்ளும்படியான ஓர் ஆய்வுக்கட்டுரையை எழுதி, மற்ற கல்லூரிகளின் ஆசிரியர் குழுக்கள் முன்பு அதை எடுத்துரைத்து, அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்கு ஈடுகொடுத்து, வேலையை நானே தேடிக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டோம், சமாளிக்கலாம். என் ஐயம் வேறு. ஒப்பந்தச் சட்டம் கற்பிப்பவர் நூறாண்டு பழைய தீர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே பணிக்காலம் முழுவதையும் ஓட்டிவிட முடியும். வரிச்சட்டத்திலோ, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரே இரவில் பாதிப் பாடத்திட்டத்தை மாற்றிவிடுகிறது. மாற்றத்தின் பொருள் முதலில் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்குத்தான் விளங்குகிறது, ஏனெனில் மறுநாள் காலையில் கட்சிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார். அப்படியானால் வரிச்சட்டப் பேராசிரியர் என்பவர், மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சற்றுத் தாமதமாகத் தெரிந்துகொண்டு மாணவர்களுக்குச் சொல்பவர் மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வழக்காடி எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வரி வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதில் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு விடை, பெரும்பாலும் "ஆம்" என்பதே.

பேராசிரியர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. பல நேரங்களில் அறையில் இருப்பவர்களில் அவர்கள்தாம் சரியாகச் சொல்கிறார்கள், ஆனால் சரியாகச் சொல்வதால் எதுவும் நடப்பதில்லை. 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டஃப்ட்ஸ் வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் வெய்ன் பார்னெட் அமிக்கஸாக, அதாவது எந்தத் தரப்பையும் சாராமல் நீதிமன்றத்துக்கு உதவுபவராக, ஒரு வாதத்தை முன்வைத்தார். நீதிபதி சான்ட்ரா டே ஓகானர் முடிவை ஏற்றுத் தனியே எழுதிய இசைவுத் தீர்ப்பில், அந்த வாதத்தின் தர்க்கமும் உள்ளிசைவும் தம்மை ஈர்த்தன என்று ஒப்புக்கொண்டு, அதன் பின்பும், பல ஆண்டுகளாக நிலைபெற்றுவிட்ட நடைமுறையை நீதிமன்றம் மாற்றக் கூடாது என்று சொல்லி அதைக் கைவிட்டார். "நீங்கள் சொல்வது சரி, ஆனால் வேண்டாம்" என்ற விடையைப் பெறுவதற்கு ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கரும்பலகை எழுதியது:

வழக்காடி ஐயா எடுத்துக்காட்டிய வழக்கையே நானும் எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பருவத்திலும் அதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். நம் தொழிலில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

வகுப்புக்குள் நுழைந்ததும் நான் எண்களை மட்டும் எழுதுவேன். டெக்சஸில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டச் சிலர் 1970-இல் கூட்டாண்மை அமைக்கிறார்கள். வாங்கிய அடமானக் கடன் 18,51,500 டாலர். கடனைக் கட்டாவிட்டால் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாமே தவிர, கூட்டாளிகளின் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. அவர்கள் கையிலிருந்து போட்டது 44,212 டாலர். இந்தக் கூட்டாண்மையின் பெயரில் அவர்கள் தங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டது, தேய்மானம் உட்பட, 4,39,972 டாலர். கடனும் கைப்பணமும் சேர்ந்த தொகையிலிருந்து இந்தக் கழிவு போக, வரிக்கணக்கில் கட்டடத்தின் அடக்கவிலை 14,55,740 டாலராகக் குறைகிறது. 1972 ஆகஸ்டில் எல்லாரும் தங்கள் பங்கை ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் விற்பனைச் செலவாக அதிகபட்சம் 250 டாலர் தந்து, அடமானக் கடனைத் தாம் ஏற்றுக்கொள்கிறார். அன்றைக்குக் கட்டடத்தின் சந்தை மதிப்பு 14 லட்சம் டாலரைத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இவர்களுக்கு லாபமா நட்டமா என்று கேட்பேன். வகுப்பில் பாதிப் பேர் நட்டம் என்பார்கள். கூட்டாளிகளும் அப்படித்தான் கணக்குக் காட்டினார்கள், 55,740 டாலர் மூலதன இழப்பு என்று. அடமானக் கடனையும் விற்பனைத் தொகையில் சேர்த்த, 1947-இல் வந்த கிரேன் தீர்ப்பின் 37-ஆம் அடிக்குறிப்பு, கடன் சொத்தின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் அது வேறு கேள்வி என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அந்த ஓர் அடிக்குறிப்பின் நிழலில் எத்தனையோ வரி மறைப்புத் திட்டங்கள் முப்பத்தாறு ஆண்டுகள் குடியிருந்தன. டஃப்ட்ஸ் தீர்ப்பு அந்த நிழலை அகற்றியது: கடன் முழுவதும் விற்பனைத் தொகைதான், ஆகவே லாபம் 3,95,760 டாலர்.

பார்னெட் சொன்னது வேறு. இங்கே நடந்தவை இரண்டு நிகழ்ச்சிகள். அவற்றை ஒன்றாகக் கட்டாதீர்கள் என்றார். 14 லட்சம் மதிப்புள்ள கட்டடம் 14,55,740 அடக்கவிலைக்கு எதிராக விற்கப்பட்டது. அதில் 55,740 டாலர் மூலதன இழப்பு. கடன் வாங்கிய 18,51,500 டாலரை 14 லட்சம் மதிப்புள்ள சொத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள்; அதில் 4,51,500 டாலர் கடன் தள்ளுபடி வருமானம், அது சாதாரண வருமானம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அதே 3,95,760 தான் வருகிறது. தொகை மாறவில்லை, தன்மை மாறுகிறது. மூலதன ஆதாயத்துக்கு ஒரு வீதம், சாதாரண வருமானத்துக்கு வேறு வீதம் என்று இருக்கும் சட்டத்தில் தன்மைதான் பணம்.

இதைப் பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி முடிக்கும்போது வகுப்பில் ஒரு சிறு சலசலப்பு எழும். "விற்பனை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்க முடியும் என்பதை அன்று ஒரு மாணவர் கண்டுகொண்டால், அவர் பிறகு எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார். பார்னெட் தோற்றார் என்று வழக்காடி ஐயா எழுதினார். வழக்கில் அவர் சொன்னது எடுபடவில்லை, உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்தத் தீர்ப்பை அவர் பிரித்துக் காட்டிய விதத்தில்தான் நான் கற்பிக்கிறேன். பெரும்பான்மைத் தீர்ப்பையே அந்தப் பிரிப்பின் உதவியால்தான் மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாமாண்டு எழுதியது:

நான் இன்னும் மாணவிதான். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கட்டுரை எழுதி வேலை தேட வேண்டும் என்று தொடக்கப் பதிவில் இருந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் முக்கியமான சட்ட ஆய்விதழ்கள் பெரும்பாலானவற்றை என்னைப் போன்ற மாணவர்கள்தாம் நடத்துகிறோம். எது அச்சாக வேண்டும் என்பதை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். எங்கள் குழுவுக்கு ஒரு வரிச்சட்டக் கட்டுரை வந்தது. கூட்டாண்மைக் கடன்களைக் கூட்டாளிகளிடையே பகிர்வது பற்றியது. குழுவில் யாரும் அதுவரை வருமான வரிப் பாடத்தையே எடுத்திருக்கவில்லை. அது நல்ல கட்டுரையா என்று கண்டறிய வழியில்லாமல், அச்சத்தினாலேயே ஒதுக்கிவிட்டோம். அதே வாரத்தில் பேச்சுரிமை குறித்து வந்த சுமாரான கட்டுரை ஒன்று ஏற்கப்பட்டது.

அந்தக் கட்டுரை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வருமான வரிப் பாடத்தை இந்தப் பருவத்தில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடிக்கடி அந்தக் கட்டுரை நினைவுக்கு வருகிறது.

கரும்பலகை எழுதியது:

தங்கை எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் வரிச்சட்டத்துக்கென்றே தனி ஆய்விதழ்கள் இருக்கின்றன. ஆனால் பணி நிரந்தரக் குழுவில் அமர்ந்திருக்கும் மற்ற துறைப் பேராசிரியர்களுக்கு அந்த இதழ்களின் தரம் தெரிவதில்லை என்பது வேறு சங்கடம். கணக்கும்சட்டமும் அவர்களுக்கு என் அறிவுரை: முதல் ஐந்து பக்கங்களை வரி தெரியாத அறிவாளி ஒருவருக்காக எழுதுங்கள். பிரிவு எண்களை ஆறாம் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

கருவூலத்தில்_சிலகாலம் எழுதியது:

இந்த உரையாடலில் ஒரு பெயர் இதுவரை வராதது வியப்பாக இருக்கிறது. ஸ்டான்லி சர்ரே (1910–1984) பணியாற்றிய விதத்தைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்று நினைக்கிறேன்.

கொலம்பியாவில் சட்டம் படித்தவர். அமெரிக்கக் கருவூலத் துறையில் வரிச்சட்ட வரைவு வேலையைப் பல ஆண்டுகள் செய்துவிட்டு, 1947-இல் பெர்க்லியில் கற்பிக்கச் சென்று, 1950-இல் ஹார்வர்டுக்கு வந்தார். 1957-இல் ஹார்வர்டு சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரை, தனிச்சலுகை கேட்டு வருபவர்கள் காங்கிரஸில் தங்கள் காரியத்தை எப்படிச் சாதித்துக்கொள்கிறார்கள் என்பதை ஒவ்வொரு படியாக விவரித்தது. அந்தக் காலத்துச் சலுகைகளுக்குப் பேர்போன உதாரணம், 1951-இல் ஹாலிவுட் ஸ்டுடியோத் தலைவர் லூயி பி. மேயருக்காகச் செருகப்பட்ட விதி. அதில் அவர் பெயர் இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவராக இருக்க வேண்டும், எதிர்கால லாபத்தில் இவ்வளவு காலத்துக்குப் பங்கு பெறும் உரிமை இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால், நாடு முழுவதும் சல்லடை போட்டாலும் ஓரிருவர்தாம் மிஞ்சுவார்கள். சட்டம் பொதுவானது என்ற தோற்றத்தில் தைக்கப்பட்ட ஒற்றைச் சட்டை அது.

1961-இல் கென்னடி அரசு சர்ரேயை வரிக்கொள்கைக்கான கருவூல உதவிச் செயலராக நியமித்தபோது, செனட் விசாரணையில் அவருடைய எழுத்துகளே அவருக்கு எதிராக நீட்டப்பட்டன. இருந்தும் நியமனம் உறுதியாகி, 1969 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1967 நவம்பரில் ஆற்றிய உரையில் "வரிச் செலவினம்" என்ற சொல்லை அவர் முன்வைத்தார். அரசு ஒருவருக்கு நூறு டாலர் மானியம் தருவதும், அவர் கட்ட வேண்டிய வரியில் நூறு டாலரை விட்டுக்கொடுப்பதும் கஜானாவைப் பொறுத்தவரை ஒன்றே. முன்னதை ஆண்டுதோறும் விவாதிக்கிறோம், பின்னதை யாரும் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. அதை எண்ணுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. அடுத்த ஆண்டே கருவூலம் முதல் பட்டியலை வெளியிட்டது. 1974-இல் வந்த வரவு செலவுச் சட்டம் அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. இன்று உலகின் பல அரசுகள் அப்படிப்பட்ட பட்டியலை வெளியிடுகின்றன. இந்திய ஒன்றிய அரசும் 2006-07 முதல் வெளியிட்டு வருகிறது.

பதவி முடிந்ததும் சர்ரே வழக்கறிஞர் நிறுவனம் எதற்கும் போகவில்லை. ஹார்வர்டு வகுப்பறைக்கே திரும்பினார். ஒரு பேராசிரியர் ஒரு பொருளுக்குச் சரியான பெயரைச் சூட்டினார். அரசுகள் தங்கள் கணக்கைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. இதை ஒரு வழக்கறிஞர் செய்திருக்க முடியாது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் ஒவ்வொரு சலுகையின் பின்னாலும் அவருக்கு ஒரு கட்சிக்காரர் இருப்பார்.

வழக்காடி எழுதியது:

அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மறுப்புகள் உண்டு. சர்ரே அதைச் சாதித்தது பேராசிரியராக இருந்தபோது அல்ல; கருவூலத்தின் நாற்காலியில் இருந்தபோது. அதே உரையை வகுப்பறையில் ஆற்றியிருந்தால், அறுபது மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு தேர்வில் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, பட்டியல் வந்ததால் சலுகைகள் குறைந்துவிட்டனவா? பட்டியல்தான் நீண்டுகொண்டே போகிறது. என்னென்ன சலுகைகள் இருக்கின்றன என்று ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

கருவூலத்தில்_சிலகாலம் எழுதியது:

இரண்டாவது மறுப்பை ஏற்கிறேன்; சர்ரேயே விரும்பாத முடிவு அது. முதலாவதை ஏற்க மாட்டேன். அந்த நாற்காலியில் அவருக்கு முன்பும் பின்பும் உட்கார்ந்த பலரின் பெயர் நமக்கு நினைவில்லை. நாற்காலிக்கு வருமுன் பத்தாண்டுக்கும் மேல், எந்த வருமானம் இயல்பான வரித்தளத்தைச் சேர்ந்தது, எது விதிவிலக்கு என்று மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டிய பழக்கம் இல்லாவிட்டால் அந்தச் சொல் பிறந்திருக்காது. இந்தப் போக்குவரத்து அவரோடு நின்றுவிடவும் இல்லை: நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் லில்லி பேட்செல்டர் 2021 முதல் 2024 வரை அதே உதவிச் செயலர் பதவியில் இருந்தார்.

கரும்பலகை எழுதியது:

நாற்காலி இல்லாமல் நடந்ததற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். பேராசிரியர் டோரதி பிரவுன் தம் பெற்றோரின் வருமான வரிப் படிவத்தைத் தாமே நிரப்பி வந்தார். அப்பா பிளம்பர், அம்மா செவிலியர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வருமானம். இவ்வளவு சம்பாதிப்பவர்கள் ஏன் இவ்வளவு வரி கட்டுகிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. கணவன் மனைவி கூட்டாகக் கணக்குக் காட்டும் முறையில், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு வரி குறையலாம். இருவரும் சமமாகச் சம்பாதித்தால் கூடலாம். கறுப்பினக் குடும்பங்களில் இருவரும் சம்பாதிப்பது அதிகம். வரித்துறை படிவத்தில் இனத்தைக் கேட்பதே இல்லை என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. அவர் வேறு தரவுகளைத் தேடித் திரட்டிப் பல ஆண்டுகள் எழுதினார். இந்தக் கேள்வியைக் கட்டணம் கொடுத்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆண்டுதோறும் சட்டம் மாறுகிறது என்ற தொடக்கக் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. 2017 டிசம்பர் 22 அன்று பெரிய வரித் திருத்தச் சட்டம் கையெழுத்தானது; அதன் பெரும்பகுதி பத்தே நாளில், ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது; எனக்கு அந்த மாதமே வகுப்பு தொடங்கியது. கையிலிருந்த பாடநூல் ஒரே வாரத்தில் பழையதாகிவிட்டது. செலவுக் கணக்குக் காட்டாமலே தனிநபர் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு 6,350 டாலரிலிருந்து 12,000 டாலராக உயர்ந்ததால், நான் மூன்று வாரம் நடத்தும் தனித்தனிக் கழிவுகள் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையற்றுப்போயின. விவாகரத்து ஜீவனாம்சத்தைக் கொடுப்பவர் கழித்துக்கொள்ளும் விதி, 2018-க்குப் பிந்தைய மணமுறிவுகளுக்கு இல்லாமற்போயிற்று. அந்தப் பருவத்தில் நான் ஒவ்வோர் இரவும் மறுநாளைக்கான பாடத்தைத் தட்டச்சு செய்து படி எடுத்துக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால், நான் கற்பித்த பருவங்களில் மிக நல்லது அதுதான். ஜீவனாம்சம் யாருடைய வருமானம் என்ற கேள்வியை அதுவரை விதியைப் படித்துக் காட்டி முடித்துவிடுவேன். விதி போனபின், கேள்வி மட்டும் வகுப்பின் நடுவில் நின்றது. ஒன்றரை மணி நேரம் வாதிட்டார்கள். விதிகளைத் தாமதமாகத் தெரிந்துகொள்பவர் என்று பேராசிரியரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தாமதத்தைப் பற்றி நான் கவலைப்படுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு மாணவர்களைக் கொண்டு வாதாடும் வரி உதவி மையங்களையும் கேட்டுப் பாருங்கள். 1998-இல் வந்த சட்டம் அவற்றுக்கு அரசு நல்கை தர வழிசெய்தது. அழைத்திருக்கும் கல்லூரியில் அப்படியொரு மையம் இருந்தால், வாரத்தில் ஓர் அரை நாளாவது அங்கே உட்காருங்கள். குறைந்த வருமானத்தில் உழைப்பவர்க்கான வரிச் சலுகை மறுக்கப்பட்ட ஒரு தாயின் கடிதக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது, கூட்டாண்மை விதி எழுதி வந்த உங்களுக்குப் புதிய பாடமாக இருக்கும்.

கணக்கும்சட்டமும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூச்சத்தோடு ஒன்றைக் கேட்கிறேன். கற்பிக்கப் போனாலும் பழைய கட்சிக்காரர்களுக்குக் கட்டணத்துக்குச் சட்டக் கருத்துரை எழுதித் தரலாம் என்று என் நிறுவனத்திலேயே சொல்கிறார்கள். பலர் அப்படிச் செய்வதாகவும் அறிகிறேன். இது சரியா?

வழக்காடி எழுதியது:

இதில் நான் உங்கள் நிறுவனத்தார் பக்கம் நிற்கவில்லை. 2005-இல் கணக்குத் தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜி தான் விற்ற வரி மறைப்புத் திட்டங்களுக்காக 45.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட திட்டங்களை விற்க உதவிய கருவி, "இது செல்லும்" என்று சொல்லும் ஒரு கருத்துரைக் கடிதம். கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயருக்குத்தான் விலை. நீங்கள் பேராசிரியரானால் உங்கள் பெயரின் விலை உயரும், ஆகவே கேட்டு வருவார்கள். எழுதிய பிறகு அதே விதியைப் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரையை நான் எதிர்த்தரப்பில் இருந்தால் எப்படிப் படிப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாக வருவது வேறு. அங்கே யார் பணம் கொடுத்தார்கள் என்று நானே கூண்டில் வைத்துக் கேட்டுவிடுவேன். மூடிய உறைக்குள் எழுதுவதுதான் ஆபத்து.

எழுதினால் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் எழுதாதீர்கள்.

கணக்கும்சட்டமும் எழுதியது:

அழைப்பை ஏற்றுக்கொண்டு இன்று மடல் அனுப்பிவிட்டேன். கருத்துரை எதுவும் எழுதுவதில்லை என்று நிறுவனத்திடமும் சொல்லிவிட்டேன். கட்டுரைக்குப் பொருளும் கிடைத்தது: பார்னெட்டின் இரட்டைப் பிரிப்பைக் கூட்டாண்மைப் பங்கு விற்பனைக்குப் பொருத்தினால், கூட்டாளிக்குக் கூட்டாளி விளைவு எப்படி மாறும் என்பது. நான் நாள்தோறும் எழுதிய பங்கீட்டு விதிகள் இப்போது வேறு கண்ணுக்குத் தெரிகின்றன. முதல் ஐந்து பக்கங்களின் வரைவை கரும்பலகை அவர்களுக்குத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாமாண்டு எழுதியது:

வரி தெரியாத வாசகர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கும் அனுப்புங்கள், ஐயா. எங்கே புரியாமல் நின்றேன் என்று ஓரத்தில் குறித்துத் தருகிறேன். இந்த முறை பயந்து ஒதுக்க மாட்டேன்.

கரும்பலகை எழுதியது:

வரைவு வந்தது, படித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்து அட்டவணையில், கடன் தள்ளுபடி பத்தியில் 18,51,500-இலிருந்து 14,55,740-ஐக் கழித்திருக்கிறீர்கள். அங்கே வர வேண்டியது சந்தை மதிப்பான 14 லட்சம். அடக்கவிலை விற்பனைப் பத்தியில் மட்டுமே இருக்க வேண்டும். பெரும்பான்மைத் தீர்ப்பின் கணக்கு உங்கள் கையில் ஊறிப்போயிருக்கிறது. ஆறு ஆண்டுப் பழக்கம் அப்படித்தான் இருக்கும். திருத்திவிட்டு அடுத்த பக்கங்களை அனுப்புங்கள்.